ஒன்பதில் எட்டு

“எந்தக் கையால அமுக்குற?” என்று ரெங்கசாமி கேட்டான்.

சந்திரமதிக்குக் கேள்வி விளங்கச் சற்று நேரம் பிடித்தது. ஜாக்பாட் சூதாட்ட இயந்திரத்தின் பொத்தானைப் பற்றிக் கேட்கிறான் என்று தெரிந்ததும் யோசிக்காமல் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துச் சமையலறை வாசலுக்கு இழுத்துப் போனான். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கீல் இருக்கும் பக்கத்து இடுக்கில், மணிக்கட்டை வைத்தான். பிறகு தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினான்.

எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

அது ஒரு சனிக்கிழமை மதியம். செம்பவாங்கில், பதினொன்றாம் மாடி வீடு. பத்தொன்பது வயது மகள் தாரணி தன் அறையில் இருந்தாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

கதவைத் திறந்து அவள் கையை வெளியே எடுத்தவனும் ரெங்கசாமிதான். ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றி மணிக்கட்டில் கட்டினான். டாக்சி கூப்பிட்டான். மருத்துவமனையில் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். காற்றில் கதவு அடித்துவிட்டது என்று சந்திரமதி டாக்டரிடம் சொன்னாள். அப்படிச் சொல்லும்படி அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. ஈசூனில், சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றில் உதவியாளராக இருந்தாள். ரெங்கசாமிக்கு ஐம்பத்தொன்று. சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடையில் இருபத்தாறு வருடமாக விற்பனையாளன். மெதுவாகப் பேசுவான். கல்யாணத்துக்கு நகை எடுக்க வருகிற பெண்கள் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டு, அவன் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருப்பார்கள். அன்று காலை அவளுடைய வேலைக் காலணிக்குள் ஓர் அடகுச் சீட்டைக் கண்டெடுத்திருந்தான். அவன் தேர்ந்தெடுத்துக் கொடுத்த இரட்டைவடச் சங்கிலியின் சீட்டு அது.

சந்திரமதி ஆட ஆரம்பித்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கூட வேலை பார்த்தவருக்குப் பிரிவு விருந்து ஒரு கிளப்பில் நடந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு எல்லோரும் விளையாட்டாக ஜாக்பாட் அறைக்குப் போனார்கள். மற்றவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அவள் எழவில்லை. பணம் வந்ததா போனதா என்பது அன்று அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளும் யாரையும் நினைக்கவில்லை. திரையில் படங்கள் சுழன்று நிற்கும், மறுபடி சுழலும். மூன்று ஒரே மாதிரி வந்து நான்காவது ஒரு கட்டம் தள்ளி நின்றுபோகும்போது நெஞ்சு குதிக்கும். அது தோற்றது போலவே இருக்காது. ஜெயிக்கப் போய்க் கொஞ்சத்தில் தவறியது போல இருக்கும். அதற்காகவே அடுத்த தடவை அமுக்குவாள்.

ரெங்கசாமியின் முதல் அறை அதற்கு இரண்டு வருடம் கழித்து விழுந்தது. வங்கிப் புத்தகத்தைப் பார்த்த அன்று. அறைந்துவிட்டு அவனே அழுதான். அடுத்த முறை அழவில்லை. பிறகு பெல்ட் வந்தது. நீளமாகப் பிடிக்காமல் கையில் சுற்றிக்கொண்டு, கொக்கி வெளியே தெரியும்படி அடிப்பான். முதுகில், தொடையில், சீருடை மூடுகிற இடங்களில் மட்டும். அவள் வேலை முடிந்து வந்ததும் தலைமுடியை முகர்ந்து பார்ப்பான். ஜாக்பாட் அறைக்கென்று ஒரு ஏர்கான் வாடை உண்டு என்பான். சில நாட்களில் அது சரியாகவே இருந்தது.

மணிக்கட்டு உடைந்த மூன்றாவது வாரம், கையில் மாவுக்கட்டோடு, அவள் மறுபடி கிளப்புக்குப் போனாள். இடது கையால் அமுக்கினாள். வீட்டுக்குத் திரும்பும்போது பேருந்தில் தான் செய்தது உறைத்தது. அடிக்குப் பயந்தவள்தான் அவள், ஆனால் இதுவரை தன்னைப் பார்த்துப் பயந்ததில்லை. அன்று பயந்தாள். சிகிச்சைக்குப் போகிறேன் என்று அவளாகவே சொன்னாள். ரெங்கசாமி உடனே நேரம் வாங்கிக் கொடுத்தான். கடையில் லீவு போட்டுவிட்டுக் கூடவும் வந்தான்.

சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை தரும் அந்த நிலையத்தில் தமிழ் பேசும் மனநல நிபுணர் ஒருத்திதான் இருந்தாள். பெயர் நஸீஹா. வயது முப்பத்து மூன்று. தமிழ் முஸ்லிம் குடும்பம். ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தனியாக வருவார்கள், வீட்டில் கைவிட்டுவிட்டிருப்பார்கள். கணவன் கூட வந்தது அவளுக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. நானும் உள்ளே இருக்கலாமா என்று ரெங்கசாமி பணிவாகக் கேட்டபோது சரி என்றாள்.

மதிப்பீட்டுக்கு ஒன்பது கேள்விகள். நாலுக்கு ஆம் என்றாலே நோய் என்று எடுத்துக்கொள்வார்கள். முன்பு கிடைத்த அதே பரபரப்புக்கு இப்போது அதிகமாகப் போட வேண்டியிருக்கிறதா, நிறுத்தப் பார்த்தால் எரிச்சல் வருகிறதா, நிறுத்த முயன்று முடியாமல் போயிருக்கிறதா, விட்டதைப் பிடிக்க மறுநாளே போகிறீர்களா, வீட்டில் பொய் சொல்கிறீர்களா என்று நஸீஹா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சந்திரமதி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். சிலவற்றுக்கு அவள் வாய் திறக்கும் முன்பே ரெங்கசாமி பதில் சொல்லிவிட்டான். தேதிகூட நினைவு வைத்திருந்தான். மாவுக்கட்டைப் பற்றியும் அவனேதான் சொன்னான், கதவில் மாட்டிக்கொண்டது என்று. நஸீஹா தலையசைத்தாள்.

ஒரு கேள்வி மட்டும் வேறு மாதிரி போனது.

“மனசு கஷ்டமா இருக்கும்போது, பயமா இருக்கும்போது, அதை மறக்கிறதுக்காக ஆடப் போறீங்களா?”

சந்திரமதி தரையைப் பார்த்தாள். ரெங்கசாமியின் பளபளப்பான காலணி அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது.

“இல்ல மிஸ்.”

ஒன்பதில் எட்டு. தீவிர நிலை என்று நஸீஹா எழுதினாள். குடும்பச் சூழல் என்ற பகுதியில், கணவர் மிகுந்த ஆதரவாக இருக்கிறார், சந்திப்புக்கு உடன் வருகிறார் என்று இரண்டு வரி சேர்த்தாள்.

ரெங்கசாமி விண்ணப்பித்துத் தடை உத்தரவு வாங்கினான். சூதாட்டக் கூடங்களுக்குள்ளும் கிளப்புகளின் ஜாக்பாட் அறைகளுக்குள்ளும் அவள் இனி நுழைய முடியாது. இரண்டு முறை போய்ப் பார்த்தாள். அடையாள அட்டையைக் கருவியில் தட்டியதும் வாசலில் நின்ற ஆள் மரியாதையாகத் திருப்பி அனுப்பினான். முதல் இரண்டு வாரம் தூக்கம் இல்லை. விரல்கள் தானாக மேசையைத் தட்டின. ஒரு நாள் குளியலறையில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் குறைந்தது. நாட்களை எண்ண ஆரம்பித்தாள். முப்பது ஆனது. முப்பத்தைந்து ஆனது. மாவுக்கட்டையும் எடுத்துவிட்டார்கள்.

இந்த நாட்களில் ரெங்கசாமிதான் நிலைகொள்ளாமல் இருந்தான். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அவளுக்குப் போன் செய்தான். கடையிலிருந்து சீக்கிரம் வந்து, லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து கதவருகே போனான். அவள் பையைக் கவிழ்த்துப் பார்த்தான், ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாவது வாரத்தில் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஓர் ஐம்பது வெள்ளி நோட்டு கிடந்தது. அவள் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து அதே நோட்டு காலணி அலமாரிக்கு இடம் மாறியிருந்தது. அப்போதும் அவள் தொடவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிட்டு அவன் எழுந்து போனான். அந்த நாற்பது நாளும் அவள்மேல் ஒரு அடிகூட விழவில்லை.

நாற்பத்தொன்றாம் நாள் அவள் வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. நிலையத்தில் வயதான நோயாளி ஒருவருக்கு ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. தாதி டாக்டரை அழைத்துக்கொண்டிருந்தபோது சந்திரமதிதான் பஞ்சை வைத்து நாற்பது நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறாமல் இருந்த மணிக்கட்டு விண்விண்ணென்று வலித்தது. வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி ஏழைத் தாண்டியிருந்தது. சீருடைக் கையில் இரத்தக் கறை காய்ந்திருந்தது.

ரெங்கசாமி கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். பெல்ட்டை ஏற்கெனவே கழற்றிக் கையில் சுற்றியிருந்தான்.

அவள் நடந்ததைச் சொன்னாள். கறையைக் காட்டினாள். அவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து முகர்ந்தான்.

“போயிட்டு வந்திருக்க.”

“போகல. வேணும்னா சென்டருக்குப் போன் பண்ணிக் கேளுங்க.”

அவன் போன் செய்யவில்லை. கொக்கி முதலில் தோளில் விழுந்தது. அவள் திரும்பியபோது காதோரம் விழுந்து தோல் கிழிந்தது. இந்த முறை சீருடை மறைக்கிற இடம் என்றெல்லாம் அவன் பார்க்கவில்லை. அவள் சமையலறைக்குள் ஓடினாள். பின்னாலேயே வந்து முடியைப் பற்றி அவள் முகத்தை அலமாரிக் கதவில் மோதினான். மூக்கிலிருந்து கொட்டிய இரத்தம் வாய்க்குள் போனது. பிறகு அந்த மணிக்கட்டைப் பிடித்துத் திருகினான்.

வலியில் அவள் தலை நிமிர்ந்தது. அவன் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதில் கோபம் இல்லை. நாற்பது நாள் காத்திருந்தது கைக்குக் கிடைத்துவிட்ட முகம் அது. அவளுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். படங்கள் சுழன்று நிற்கும்போது திரைக் கண்ணாடியில் தன் முகத்தை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

சம்பல் இடிக்கும் கல் உரல் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அவளுடைய இடது கை அதன் குழவியை எடுத்தது. முதல் அடி அவன் இடது கண்ணுக்கு மேலே விழுந்தது. பிடி தளர்ந்தது. அவன் கால்கள் மடங்கி, குளிர்பதனப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான். ஒரு கையை உயர்த்தினான். தடுப்பதற்கா, அவளைப் பிடிப்பதற்கா என்று சொல்ல முடியாது. அவள் அவனை முழுசாக ஒரு முறை பார்த்தாள். பிறகு இரண்டாவது தடவை, குறி பார்த்து, அதே இடத்தில் அடித்தாள்.

தாரணி ஓடி வந்தபோது அம்மா தரையில் மண்டியிட்டு அப்பாவின் கண்மேல் துண்டை மடித்து வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். வேலையிடத்தில் செய்வதைப் போலவே, விரல்களை அசைக்காமல். ஆம்புலன்சைக் கூப்பிடு என்றாள். போலீசையும் கூப்பிடு என்றாள்.

ரெங்கசாமி பிழைத்துக்கொண்டான். இடது கண் போய்விட்டது. கண்ணைச் சுற்றிய எலும்பு மூன்று துண்டாகியிருந்தது. சந்திரமதிமேல் கொடுங்காயம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, சூதாட்ட வெறி பிடித்த மனைவியைத் திருத்தப் பார்த்தேன், அதற்கு இதுதான் பலன் என்று அவன் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி வாக்குமூலம் கொடுத்தான். நஸீஹா எழுதிய மதிப்பீடு நீதிமன்றத்துக்குப் போனது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அந்த இரண்டு வரியைச் சத்தமாகப் படித்தார். கணவர் மிகுந்த ஆதரவாக இருக்கிறார்.

பிணையில் வந்த சந்திரமதி தாரணியோடு ஒரு வாடகை அறையில் தங்கியிருந்தாள். தாரணி ஒரு காலை வேளையில் முன்பதிவு இல்லாமல் நஸீஹாவின் அறைக்குள் வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“நீங்க ஒன்பது கேள்வி கேட்டீங்க மிஸ். அப்பாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கேட்டீங்க. கை எப்படி ஒடஞ்சதுன்னு அம்மாகிட்டத் தனியா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.”

நஸீஹா குடும்பத்தாரைச் சேர்த்து உட்கார வைப்பதில் தவறில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதை விட்டுவிட்டு, அம்மாவை மட்டும் அழைத்துவர முடியுமா என்று கேட்டாள்.

“நானும் கேக்கலதான்” என்றாள் தாரணி. “ரூமுக்குள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தேன். அஞ்சு வருஷமா.” அதைச் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்துச் சந்திரமதி வந்தாள். காதோரம் தையல் பிரித்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. நஸீஹா கதவைச் சாத்திவிட்டு ஒன்பது கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டாள். அந்த ஒரு கேள்வி வந்தபோது சந்திரமதி ஆமாம் என்றாள். ஆனால் உடனே கையை நீட்டி, எழுதிக்கொண்டிருந்த நஸீஹாவை நிறுத்தினாள்.

“அவரு அடிச்சதாலதான் நான் ஆடினேன்னு எழுதிடாதீங்க மிஸ். அது பொய். அவரு கை வைக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே நான் ஆட ஆரம்பிச்சுட்டேன்.”

பிறகு எப்படி என்று நஸீஹா கேட்டாள். சந்திரமதி சொல்ல ஆரம்பித்தாள். இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை என்பதால் நிறுத்தி நிறுத்தித்தான் வந்தது. ஆடிவிட்டு வரும்போது நெஞ்சில் ஒரு கல் இருக்கும். அடி விழுந்ததும் அந்தக் கல் கரைந்துவிடும். செய்த தப்புக்குத் தண்டனை முடிந்தது. மறுநாள் கிளப்புக்குப் போகக் கால் லேசாக இருக்கும். அவனும் அப்படித்தான் என்று அவளுக்கு அந்த நாற்பது நாளில் புரிந்தது. அவள் போக வேண்டும் என்று அவன் காத்திருந்தான். போனால்தான் அடிக்கலாம். நான் ஆடாமல் இருந்தது அவருக்குத்தான் தாங்கவில்லை மிஸ் என்றாள்.

“இன்னொண்ணும் எழுதிக்கோங்க” என்றாள் கடைசியில். “மொத அடி பயத்துல அடிச்சேன். ரெண்டாவது அப்படி இல்ல. அவரால எந்திரிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். அடிக்கணும்னு ஆசையா இருந்துச்சு.”

இதை எழுதினால் தண்டனை கூடலாம் என்று நஸீஹா எச்சரித்தாள். தெரியும் என்றாள் சந்திரமதி.

நஸீஹாவின் மேலதிகாரிக்கு இதில் விருப்பமில்லை. முதல் மதிப்பீட்டில் தவறு என்று நாமே எழுதினால் நாளைக்கு எல்லா மதிப்பீட்டையும் சந்தேகப்படுவார்கள் என்றார். கூடுதல் தகவல் என்று மட்டும் போடச் சொன்னார். நஸீஹா ஒரு வாரம் அந்தக் கடிதத்தை எழுதி அழித்து எழுதினாள். கடைசியில் இப்படி அனுப்பினாள்: முதல் சந்திப்பில் நோயாளியைத் தனியாகப் பார்க்கவில்லை, மாவுக்கட்டைப் பற்றி அவரிடம் விசாரிக்கவில்லை, கணவர் ஆதரவாக இருக்கிறார் என்று எழுதியதற்கு ஆதாரம் அவர் பணிவாகப் பேசியது மட்டுமே, அந்த வரிகளை நான் திரும்பப் பெறுகிறேன். இரண்டாவது அடியைப் பற்றிச் சந்திரமதி சொன்னதையும் அவள் வார்த்தையிலேயே சேர்த்தாள்.

நீதிமன்றம் பழைய எக்ஸ்ரேயை வரவழைத்துப் பார்த்தது. காற்றில் அடிக்கிற கதவு எலும்பை அப்படி நசுக்காது என்று எலும்பு மருத்துவர் சாட்சி சொன்னார். தாரணியும் சாட்சி சொன்னாள். பேசும்போது அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. சந்திரமதிமேலான குற்றச்சாட்டைக் குறைத்தார்கள். ஏழு மாதச் சிறை. இரண்டாவது அடி இல்லாதிருந்தால் சிறையே இருந்திருக்காது என்று அவளுடைய வழக்கறிஞர் வருத்தப்பட்டுக்கொண்டார்.

ரெங்கசாமிமேல் தனி வழக்கு நடந்தது. மணிக்கட்டுக்காக அவனுக்கும் சிறை கிடைத்தது, ஐந்து மாதம். நகைக்கடைக்காரர் அவனை மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. வெளியே வந்த பிறகு ஜோகூரில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். தாரணிக்கு மாதம் ஒரு முறை போன் செய்கிறான். சில மாதம் அவள் எடுக்கிறாள், சில மாதம் எடுப்பதில்லை.

சிறையில் சந்திரமதிக்குத் தூக்கம் வந்தது. தன்னை அடிக்க யாரும் இல்லை, ஆட எதுவும் இல்லை, அதனால் தான் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். வெளியே வந்த நாலாம் நாளே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. பேருந்து நிலையத்தில் யாரோ கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் அவளை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் காய் நறுக்கும் வேலை கிடைத்தது. மணிக்கட்டு முழுசாகத் திரும்பாததால் கத்தியை இடது கையில் பிடிக்கப் பழகினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நஸீஹாவிடம் போகிறாள். தனியாக. ஒரு செவ்வாய்க்கிழமை வந்தபோது, லிட்டில் இந்தியாவில் நாலு நம்பர் லாட்டரி விற்கும் கடையின் வரிசையில் போய் நின்றதாகச் சொன்னாள். முன்னால் இரண்டு பேர்தான் பாக்கி இருந்தார்கள். அப்போது வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாளாம்.

“எது உங்கள வெளியே வர வச்சுச்சு?” என்று நஸீஹா கேட்டாள்.

சந்திரமதி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

“கால் வலிச்சுச்சு மிஸ். காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருந்தேன்.”

நஸீஹா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். வேறு எந்தக் காரணத்தையும் சேர்க்கவில்லை.

அடுத்த வாரம் சந்திரமதி வரிசையில் கடைசிவரை நின்று நம்பர் வாங்கிவிட்டாள். செவ்வாய்க்கிழமை காலை, நஸீஹா கேட்பதற்கு முன்பே அதையும் சொன்னாள்.